பின் சீட்டுக்குச் சொல்லி ஓட்டுதல்: ஒரு டேண்டம் சைக்கிள் அனுபவம்

டேண்டம் என்பது இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள். அதில் ஹேண்டில், பிரேக், கியர் மூன்றும் முன் சீட்டுக்காரர் கையில் இருக்கும். பின் சீட்டுக்காரருக்குத் திரும்பாத ஒரு கைப்பிடியும் இரண்டு பெடலும்தான். அங்கே பார்வையில்லாத ஒருவர் உட்கார்ந்தால், அடுத்த நொடி வண்டி என்ன செய்யப்போகிறது என்பது முன்னால் இருப்பவர் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். வண்டியைப் பழகுவது ஒரு வேலை, சொல்லப் பழகுவது இன்னொரு வேலை. சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு முதலாவது சீக்கிரம் வந்துவிடும். இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

என் பின் சீட்டுக்காரரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். வங்கியில் வேலை பார்க்கிறார். அவருக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் பரம்பரை நோய். பொதுவாக முதலில் இரவில் தெரியாது. அப்புறம் பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போய் வந்தவர், கல்லூரிக் காலத்தில் அதை விட வேண்டியதாயிற்று. இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "கோவளம் வரைக்கும் நான் மிதிச்சுப் போகணும் தம்பி. கேரியர்ல உட்கார்ந்து இல்ல."

நம்மில் பலருக்கு டேண்டம் அறிமுகமானது கொடைக்கானல் ஏரிக்கரையில்தான். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், வாடகைக்கு இரட்டைச் சைக்கிள். அங்கே ஓட்டிய நினைவை வைத்துக்கொண்டு சென்னைச் சாலையில் இறங்க முடியாது. நாங்கள் வாங்கியது ஏற்கனவே ஒருவர் ஓட்டிய ஸ்டீல் ஃப்ரேம் டேண்டம், 26 அங்குலச் சக்கரம். ஃப்ரேமில் விரிசல் இல்லை, ஃபோர்க் நேராக இருந்தது. மற்றதெல்லாம் கழற்றி மாட்டக்கூடியவைதானே என்று எடுத்துவிட்டோம்.

முதல் வேலை, அண்ணன் வண்டியை முழுவதும் தொட்டுப் பார்த்தது. முன் டயரில் ஆரம்பித்து ஹேண்டில், பிரேக் லீவர், முன் சீட், அதன் அடியில் சீட் போஸ்ட்டில் இறுக்கியிருக்கும் பின் கைப்பிடி, பின் சீட், பின் டயர் வரை. பிறகு முன் சீட்டிலும் உட்கார்ந்து பார்த்தார். இதற்கு அவசரமே படக்கூடாது. கால் எங்கே போகும், கால் போகும் வழியில் என்னென்ன சுழலும் என்பது கைக்குத் தெரிந்த பிறகுதான் உடம்பு தளர்ந்து உட்காரும்.

டேண்டத்தில் செயின் இரண்டு பக்கமும் ஓடும். வலது பக்கம் வழக்கம்போல் பின் சக்கரத்துக்குப் போகும் செயின். இடது பக்கம், முன் பெடலையும் பின் பெடலையும் பிணைக்கும் டைமிங் செயின். அதனால் இரண்டு காலுக்கும் பேன்ட் கிளிப் வேண்டும். இந்த டைமிங் செயினுக்கு நடுவே ஃப்ரீவீல் கிடையாது. நான் மிதித்தால் அவர் கால் சுற்றும், நான் நிறுத்தினால் அவர் காலும் நின்றாக வேண்டும். பெடலை நான் சும்மா பின்னால் சுற்றினால் அது அவர் கெண்டைக்காலில் அடிக்கும்.

எங்கள் வண்டியில் அந்தச் செயின் தொய்ந்து கிடந்தது. சாதாரண சைக்கிளில் பின் சக்கரத்தை இழுத்துச் செயினை இறுக்குவோம். இங்கே அது முடியாது. முன் பெடல் அச்சு ஒரு பெரிய வட்ட உருளைக்குள் மையம் விலகி உட்கார்ந்திருக்கும். எக்சென்ட்ரிக் என்பார்கள். அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி அந்த உருளையைத் திருப்பினால் அச்சு கொஞ்சம் முன்னால் நகரும், செயின் இறுகும். தெரு முனை சைக்கிள் கடைக்காரர் அதுவரை இதைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஆலன் கீயைக் கையில் எடுத்ததும் விஷயத்தைப் பிடித்துவிட்டார். உருளை துருப்பிடித்துச் சிக்கியிருந்தது. எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டுத் தட்டித் திருப்பினோம். செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் அசைத்தால் ஒரு சென்டிமீட்டர் போல ஆட வேண்டும். அதைவிட இறுகினால் மிதிக்கும்போது கரகரக்கும், பேரிங் சீக்கிரம் தேயும். தளர்ந்தால் குலுக்கலில் கழன்று விழும்.

கழன்ற டைமிங் செயினைத் திரும்ப மாட்டும்போது இரண்டு கிராங்கும் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) ஒரே கோணத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளி விழுந்தாலும் கால்கள் முன்பின்னாகிவிடும். அண்ணன் சொன்ன யோசனைப்படி, செயின்வீல் இரண்டிலும் ஒரு பல்லுக்கு நேராக அரத்தால் சின்னக் கீறல் போட்டோம். முன் கீறலும் பின் கீறலும் ஒரே திசையில் வந்தால் சரி. இப்போது அந்தச் செயினைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. தொய்வு, எண்ணெய், கிராங் கோணம் மூன்றையும் விரலாலேயே சரிபார்த்துவிடுவார். அவர் சீட் உயரத்துக்கும் அடையாளம் வைத்தோம். சீட் போஸ்ட்டில் பழைய ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம். யாராவது சீட்டை இறக்கிவிட்டாலும் அவரே பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

பிரேக் கட்டைகளை முழுவதும் மாற்றினோம். இரண்டு பேர், வண்டி எல்லாம் சேர்ந்து 150 கிலோவைத் தாண்டிவிடும். பிரேக் ஒரு ஜோடிதான். டயரில் காற்றும் அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குக் கொஞ்சம் கீழே வரை அடிக்க வேண்டும். குறைவாக இருந்தால் பள்ளத்தில் ரிம் தரையில் இடித்து ட்யூப் கடிபடும். பின் சக்கரத்தில் கோட்டம் எடுத்து ஸ்போக்ஸ் எல்லாவற்றையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவந்தோம். மடக்கும் வெள்ளைக் கோலுக்கு ஃப்ரேம் மேல் குழாயில் இரண்டு வெல்க்ரோ பட்டை. இது சின்ன விஷயமில்லை. வண்டியை விட்டு இறங்கிய உடனே கோல் அவர் கைக்கு வர வேண்டும். அது என் பையில் இருந்தால், நான் எடுத்துத் தரும்வரை அவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியிருக்கும்.

அவரை ஏற்றுவதற்கு முன் நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் நண்பர் ஒருவர் முன்னால். இடம், விடுமுறையில் வெறிச்சோடிக் கிடந்த பள்ளி மைதானத்தின் சிமெண்ட் தளம். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். முன் சீட்டில் உட்கார நினைக்கும் எல்லோரும் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. பிரேக் பிடிப்பதுதான் பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதைவிட மோசம், முன்னால் இருப்பவர் திடீரென்று மிதிப்பதை நிறுத்துவது. அவர் கால் நிற்கிறது, நம் கால் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறது, முழங்காலில் வெட்டென்று ஒரு உதை. திருப்பத்தில் வண்டி சாயும்போது உடம்பு தானாக எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பு ஹேண்டில் பிடித்திருப்பவரின் கணக்கைக் குலைக்கிறது. எல்லாவற்றிலும் கொடுமை, நின்ற பிறகு வரும் மௌனம். ஏன் நின்றோம், சிக்னலா, மாடா, ஏதாவது கோளாறா, காலை ஊன்றலாமா? ஒன்றும் தெரியாது. முன்னால் இருப்பவர் பேச மறந்தது நான்கைந்து நொடிதான் இருக்கும். பின்னால் அது மிக நீளம்.

கிளம்பும் முறையில் விட்டுக்கொடுக்கக்கூடாது. நான் முன்னால் ஃப்ரேமுக்கு இரண்டு பக்கமும் காலை அகலமாக ஊன்றி, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து நிற்பேன். அண்ணன் இடது பக்கமாக வந்து பின் சீட்டைத் தொட்டு, கைப்பிடியைப் பிடித்து, ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் பெடலில் வைத்துவிடுவார். அவர் முழு எடையோடு ஏறும்போது வண்டி அசையவே கூடாது. அந்த ஒரு நிமிடத்தில்தான் நம்பிக்கை வரும், அல்லது போகும். அப்புறம் அவரே பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, நான் முதல் மிதி போடுவதற்கு வசதியான உயரத்தில் நிறுத்துவார். என் கால்கள் அகலமாக இருப்பது இதற்குத்தான், சுற்றும் பெடல் முழங்காலுக்குக் கீழே அடிக்காமல் இருக்க. "ரெடியா?" "ரெடி." "மிதி." வழியில் நிற்கும்போதும் அவர் கால் பெடலை விட்டு இறங்காது. தரையில் ஊன்றுவது என் கால் மட்டும்.

எந்தச் சொல்லைச் சொல்வது என்பதைப் பின் சீட்டுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் என் வசதிக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அண்ணன் அதை மைதானத்திலேயே பிரித்துப் போட்டார். "மேடு" என்றால் ஸ்பீடு பிரேக்கர், "விடு" என்றால் மிதிப்பதை நிறுத்து என்று இருந்தது. எதிர்க்காற்றில் இரண்டும் ஒன்றுபோல் கேட்கின்றன என்றார். "அதோட, மேடு இருக்குன்னு சொன்னா நான் என்ன பண்ணணும்னு யோசிக்கணும். பண்ண வேண்டியதையே சொல்லிடு." அப்படித்தான் மேடு "தூக்கு" ஆனது. பெடலைச் சமமாக நிறுத்தி, சீட்டை விட்டு உடம்பைக் கொஞ்சம் தூக்க வேண்டும் என்று அர்த்தம். "மிதி", "விடு", "தூக்கு", "மெதுவா", "இடது", "வலது", "நிக்குறோம்". கியர் மாற்றுவதற்கு "கியர்", அந்த நொடி இருவரும் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். சாலையில் குறுக்கே வரிசையாக வெள்ளைப் பட்டைகள் போட்டிருப்பார்களே, அதற்கு "தடதட". இது அவர் வைத்த பெயர், கேட்டவுடன் உடம்பே தயாராகிவிடும். வயதில் பெரியவரிடம் மிதி, விடு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மரியாதையெல்லாம் டீக்கடையில் பார்த்துக்கொள்ளலாம், சாலையில் ஒரு அசை கூடுதலாக வேண்டாம் என்று அவரே முடித்துவைத்தார்.

எப்போது சொல்வது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். கேட்டு, புரிந்து, உடம்பைத் தூக்க இரண்டு நொடியாவது வேண்டும். ஆக, மேட்டுக்கு 11 மீட்டர் முன்பே சொல் வந்தாக வேண்டும். டேண்டத்தில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1.7 மீட்டர் போல இருக்கும். முன் சக்கரம் ஏறி மூன்றில் ஒரு பங்கு நொடிக்குள் பின் சக்கரமும் ஏறிவிடும். பின் சீட்டு கிட்டத்தட்ட அந்தச் சக்கரத்தின் மேலேயே இருப்பதால் அடி முழுக்க அவர் முதுகெலும்புக்கு. எனக்குக் குலுங்கிய பிறகு சொல்லி ஒரு பயனும் இல்லை. அதனால் முன் சீட்டுக்காரரின் பார்வை எப்போதும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அவர் சொல்லும் பக்கமும் உண்டு. பின்னால் வரும் வண்டியை எனக்கு முன்பே அவர் கேட்டுவிடுவார். "பஸ், நெருங்குறான்", "பைக் ரெண்டு, ஒதுங்கு". இதைக் கேட்டுச் சிலர், கண் போனால் காது கூர்மையாகிவிடும் என்பார்கள். அண்ணனுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. இத்தனை வருடம் காதை வைத்துச் சாலை கடந்த பழக்கம் என்பார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பேட்டரி ஸ்கூட்டர்கள் சத்தமில்லாமல் வந்து உரசிப் போகும்போது அவருக்கும் தெரிவதில்லை. கை காட்டுவதும் அவர் வேலைதான். நான் "வலது" என்றதும் வலது கையை நன்றாக நீட்டுவார். டேண்டத்தின் நீளத்துக்கு முன்னால் இருப்பவர் ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுப்பது நல்லதல்ல. மணியையும் பின் கைப்பிடிக்கே மாற்றிவிட்டோம்.

மைதானத்தில் எட்டுப் போட்டுப் பழகிவிட்டு, குடியிருப்புத் தெருக்கள், அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவான்மியூரிலிருந்து விடிவதற்குள் கிளம்பிவிடுவோம். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி சுங்கச்சாவடி, கானாத்தூர், முட்டுக்காடு, அதைத் தாண்டிக் கோவளம். டேண்டத்துக்கு இப்படிப்பட்ட சமதளச் சாலை வரம். இரண்டு பேர் மிதிக்கிறோம், காற்றைக் கிழிப்பது ஒரு உடம்பின் அகலம் மட்டும். தனியாக ஓட்டும்போது எனக்கு வராத வேகம் சுலபமாக வந்தது. ஏற்றத்தில் கனம் தெரியும், இறக்கத்தில் சட்டென்று வேகம் பிடித்துக்கொள்ளும், அங்கே பிரேக்கை முன்கூட்டியே தொட வேண்டும். முட்டுக்காடு பாலத்தில் வேறொரு சிக்கல், பக்கக் காற்று. கட்டடங்கள் முடிந்து உப்பங்கழி திறக்கும் இடத்தில் நீண்ட வண்டியைக் காற்று தள்ளுகிறது. பாலம் வருவதைச் சாலைச் சத்தம் மாறுவதை வைத்தே அண்ணன் கண்டுபிடித்து, கைப்பிடியை லேசாகப் பிடித்து உடம்பை வண்டியோடு விட்டுவிடுவார். பின்னால் இருப்பவர் விறைத்தால் முன்னால் ஹேண்டில் கனக்கும்.

அவருக்கு வழியெல்லாம் வர்ணனை வேண்டியதில்லை. நான் கேட்டே தெரிந்துகொண்டேன். முன்னால் யார் போகிறார்கள், அடுத்த சிக்னல் எவ்வளவு தூரம், சாலை ஓரம் எவ்வளவு அகலம், இவைதான் வேண்டும். மணலும் தூசியும் வரும்போது சொல்ல வேண்டும். பறந்து வருவதைப் பார்த்துக் கண்ணை மூடும் வாய்ப்பு அவருக்கு இல்லை. நிறமில்லாத கண்ணாடி ஒன்று எப்போதும் போட்டுக்கொள்கிறார்.

பின் சீட்டின் பலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான சைக்கிள் பந்தயங்கள் டேண்டத்தில்தான் நடக்கின்றன. முன்னால் பார்வையுள்ள பைலட், பின்னால் போட்டியாளர், பதக்கம் இருவருக்கும். ஸ்காட்லாந்தின் நீல் ஃபாச்சிக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாதான். லண்டன் 2012-இலும் டோக்கியோ 2020-இலும் 1,000 மீட்டர் நேரப் பந்தயத்தில் தங்கம் வென்றவர். டோக்கியோவில் அந்தத் தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் முடித்தார்கள். நம் நாட்டில் புனேயைச் சேர்ந்த திவ்யான்ஷு கணத்ரா, பார்வையை இழந்தவர், 2016-இல் மணாலியிலிருந்து லடாக்கின் கர்துங் லா கணவாய் வரை டேண்டத்தில் போயிருக்கிறார். இதையெல்லாம் படித்துக் காட்டியபோது அண்ணன் கேட்ட கேள்வி, அவர்கள் என்ன கியர் விகிதம் வைத்திருந்தார்கள் என்பதுதான்.

வழியில் டீக்கடையில் நிறுத்தினால் என்னிடம் கேட்பார்கள்: "சாருக்குச் சர்க்கரை போடலாமா?" சார் பக்கத்திலேயே நிற்கிறார். நான் பதில் சொல்வதில்லை, அவர் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் சொல்வார். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து போனதும் கடைக்காரர் அவரிடமே கேட்க ஆரம்பித்துவிட்டார். இப்போது டயர் விலையிலிருந்து வங்கிக் கடன் வரை இருவரும் பேசிக்கொள்கிறார்கள், நான்தான் கிளம்பலாமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கோவளம் போய் வந்த பிறகு ஒரு சத்தம் தொடங்கியது. மிதிக்கும்போது "டிக்", சீராக. எனக்குச் செயின் என்று தோன்றியது. அண்ணன் என்னை வேகத்தைக் குறைத்து மிதிக்கச் சொன்னார், பிறகு "விடு" என்று அவரே சொல்லிக் கவனித்தார். மிதிப்பதை விட்டும் சத்தம் தொடர்ந்தால் சக்கரத்தில் கோளாறு, நின்றுவிட்டால் செயின், பெடல், கிராங், அச்சு இவற்றில் ஒன்று. நின்றுவிட்டது. அடுத்து, பெடல் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை? ஒருமுறைதான், அதுவும் அவருடைய இடது கால் கீழே அழுத்தும்போது. வீட்டுக்கு வந்து பின் இடது பெடலைக் கழற்றினோம். மரைக்குள் மணல் ஏறியிருந்தது. துடைத்து, கிரீஸ் தடவி இறுக்கியதும் சத்தம் போய்விட்டது. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் திரும்பும், கழற்றும்போது இதை மனதில் வைக்க வேண்டும்.

இன்னொரு முறை அவர் பின் சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டிக்கொண்டே வந்தார். ஒரே இறுக்கத்தில் இருக்கும் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்கும். ஒரே பக்கத்துக் கம்பிகளைத்தான் ஒப்பிட வேண்டும், கியர் பக்கம் எப்போதும் கூடுதல் இறுக்கத்தில் இருக்கும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தது. கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிளை அரைச் சுற்று இறுக்கினோம். அடுத்த வாரம் அதே கம்பி மறுபடி தளர்ந்திருந்தது. பார்த்தால் அந்த இடத்தில் ரிம்மின் துளையைச் சுற்றி மெல்லிய வெடிப்பு. இது டேண்டத்தில் அபூர்வமில்லை. 36 கம்பிச் சக்கரத்துக்கு எங்கள் இருவர் எடை அதிகம்தான். 40 துளை ரிம்மும் ஹப்பும் தேடிக்கொண்டிருக்கிறோம், உள்ளூரில் கிடைக்கவில்லை. அதுவரை அந்த ரிம்மோடு நெடுஞ்சாலை இல்லை, தெருக்களோடு சரி.

மழையில் நாங்கள் ஓட்டுவதில்லை. ரிம் பிரேக் ஈரத்தில் சரியாகப் பிடிக்காது, தண்ணீர் நிற்கும் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று என்னாலும் சொல்ல முடியாது. பரபரப்பான சாலையில் வலது பக்கம் திரும்ப வேண்டியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கிறோம்.

அண்ணனோடு வேலை பார்க்கும் இன்னொருவர், அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வையில்லை, தானும் ஏற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சைக்கிள் ஓட்டிய பழக்கமே அவருக்கு இல்லாததால் வண்டி சாய்வது எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முன் சீட்டுக்கு அடையாறிலிருந்து ஓர் இளைஞர் வருகிறார். புதுச் சக்கரம் வந்ததும் மைதானத்தில் ஆரம்பிக்கிறோம். முதலில் அந்த இளைஞர் கண்ணைக் கட்டிக்கொண்டு பின் சீட்டில், நான் முன்னால். சொற்களைப் புது ஆளே வைத்துக்கொள்ளட்டும், "தடதட" மட்டும் என் உரிமை, அதை மாற்றக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.